முப்பது கேன் தேன்

சொட்டக்காவுக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் வேண்டாம், எதிரில் ஒரு ஆள் இருந்தால் போதும் என்று தேனீ வளர்ப்போர் சங்கத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? அவள் நாற்காலியில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கொள்முதல் அறையில் நின்று, வருகிறவர்கள் கொண்டுவரும் தேனைச் சோதித்து, நல்லதைத் தொட்டியில் ஊற்றவும் கெட்டதைத் திருப்பி அனுப்பவும் செய்கிறவள் அவள். முப்பத்தொரு பேர் உறுப்பினர்கள். முப்பத்தொரு பேருக்கும் தங்கள் தேன்தான் உலகத்திலேயே உசத்தி.

அறை ஒன்றும் பெரிதில்லை. ஒரு தராசு, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் தொட்டி, துடைத்துத் துடைத்துத் தேய்ந்துபோன நீள மேஜை, வாசனைக்கு வரும் தேனீக்கள் உள்ளே நுழையாமல் இருக்க வலை அடித்த ஜன்னல். கையடக்கமான ஒரு கண்ணாடிக் குழல் அவளிடம் உண்டு. அதன் முனையில் ஒரு சொட்டுத் தேனை வைத்து, மூடியை அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தேனில் எவ்வளவு தண்ணீர் என்று உள்ளே கோடு காட்டும். நூற்றுக்கு இருபதுக்குள் இருந்தால் தொட்டிக்கு. இருபதைத் தாண்டினால் வாசலுக்கு. தண்ணீர் அதிகமான தேன் இரண்டே மாதத்தில் நுரைத்துப் புளித்துப்போகும், யாருக்கு விற்பது? அந்த ஒரு சொட்டினால்தான் பல் போன பெரியவர்கள்கூட அவளைச் சொட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய்த் துடுக்கு. "என்னையும் ஒரு சொட்டு எடுத்து வெச்சுப் பாத்துட்டுத்தாங்க கல்யாணத்துக்கே ஒத்துக்கிட்டா. பத்தொன்பதரை இருந்திருப்பேன் போல, தப்பிச்சேன்" என்பார் வருகிறவர்களிடமெல்லாம்.

எத்தனை தடவைதான் சொல்வது? அடையின் அறைகளைத் தேனீ மெழுகு வைத்து மூடிய பிறகு எடுங்கள், அதற்கு முன்னால் எடுத்தால் அது தேனே இல்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள். அடுத்த வாரமே ஒருவர் தண்ணீராக ஓடும் தேனைக் கொண்டுவந்து நிற்பார். இன்னொருவர் பூச்சிமருந்து வந்த கேனில் தேனை ஊற்றிக்கொண்டு வந்தார். "மூணு தடவை கழுவினேங்க்கா, சோப்பு போட்டு" என்றார் பெருமையாக.

"கழுவின கேன்ல உங்க பேரனுக்குப் பால் ஊத்திக் குடுப்பீங்களா?"

"அதெப்படிங்க்கா குடுக்கறது?"

"அப்போ ஊரான் பேரனுக்கு மட்டும் குடுக்கலாமா? எடுத்துட்டுப் போங்க முதல்ல!"

அவர் முகம் சுண்டிப்போனது. சொட்டக்கா தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கடை அலமாரியில் சங்கத்துப் பாட்டிலை எடுக்கிற ஒரு தாய்க்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் கூடாது, அதற்குத்தான் நான் இங்கே நிற்கிறேன் என்பது அவள் கட்சி. அதில் தப்பு என்ன இருக்கிறது?

முப்பத்தொரு பேரில் அவளுக்கு ஜென்மத்துக்கும் ஆகாதவர் ஒருவர் இருந்தார். மாத்திரை என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் தேனீக்கள் சோர்ந்து கிடக்கின்றன என்று பதறிப்போய், மருந்துக்கடையில் கிருமிக்கு விற்கிற மாத்திரையை வாங்கி, பொடித்துச் சர்க்கரைப்பாகில் கலந்து பெட்டிகளுக்கு வைத்துவிட்டார் மனுஷன். அந்த மருந்து தேனில் இறங்கியது. அந்தத் தேன் தொட்டியில் இறங்கியது. வாங்கின கம்பெனி சோதித்துப் பார்த்து, மொத்தத் தொட்டியையும் திருப்பி அனுப்பியது. முப்பது பேர் உழைப்பு ஒருத்தரால் சாக்கடைக்குப் போனது. அதற்கப்புறம்தான் மருந்து எச்சம் பார்க்கிற ஸ்ட்ரிப் சங்கத்துக்கு வந்தது. மாத்திரை எல்லோர் காலிலும் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார், அதோடு பெட்டிக்கு மருந்து வைப்பதையும் விட்டார். எல்லோரும் மறந்தார்கள். சொட்டக்கா மறக்கவில்லை. மற்றவர் தேனுக்கு ஒரு ஸ்ட்ரிப் என்றால் அவர் தேனுக்கு மூன்று.

இந்த வருஷம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரிக்காரர் வந்தார். பூ இருக்கிற இடமெல்லாம் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அலைகிறவர். ஆறு பெரிய கேன்களை இறக்கினார். சொட்டக்கா சோதித்தாள். மருந்து இல்லை, சர்க்கரைக் கலப்பு இல்லை, தண்ணீர் மட்டும் இருபத்து மூன்று. "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்றாள். திரும்ப ஏற்றிக்கொண்டு போக அவருக்கு அலுப்பு. "கீழ ஊத்துவீங்களோ, தலையில ஊத்திக்குவீங்களோ, உங்க இஷ்டம்மா" என்று அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நூற்றைம்பது லிட்டர் தேனைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? மழை மாதங்களில் பூ கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் தேனீக்கு ஏதாவது ஊற்றித்தான் ஆக வேண்டும், எல்லோரும் சர்க்கரைப்பாகுதான் ஊற்றுவார்கள். சொட்டக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தண்ணீர் அதிகம் என்பது பாட்டிலில் அடைத்து விற்பதற்குத்தானே குறை? தேனீ உடனே குடிக்கப்போகிறது, அதற்கென்ன? சர்க்கரையைவிடத் தேன் எவ்வளவோ மேல் இல்லையா? புளிக்காமல் இருக்க அடுப்பில் சூடு காட்டி, வடிகட்டி, ஐந்து லிட்டர் கேன்களில் பிரித்தாள். முப்பது கேன் வந்தது. உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். யாரை விடுவது என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதி, மாத்திரை பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: இளைத்த பெட்டிக்கு அரை டம்ளர், சர்க்கரை வேண்டாம்.

எல்லோரும் பாராட்டினார்கள். "சொட்டக்காவுக்குக் கோவம் இருக்கற இடத்துலதான் குணமும் இருக்கு" என்றார் சங்கச் செயலாளர். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து அவள் தங்கச்சி போன் செய்தாள். இந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, 'எவன்கிட்டயோ ஏன் கை கட்டி நிக்கற, பெட்டி வெச்சுப் பொழைச்சுக்கோ' என்று வேலையை விடச் சொன்னதே சொட்டக்காதான். புருஷன் விட்டுப்போன பிறகு தனியாக ஒரு பெண்ணை வளர்க்கிறவள். நாலு பெட்டியில் ஆரம்பித்துப் பதினாறு ஆக்கியிருந்தாள். அக்கா எதைச் சொன்னாலும் அப்படியே கேட்பாள், அதுதான் அவளிடம் உள்ள ஒரே கோளாறு.

"அக்கா, ரெண்டு பெட்டில ஒரு மாதிரி நாத்தம் வருது. புழு அறை மேல மூடி குழிஞ்சு, ஓட்டை ஓட்டையா இருக்கு."

சொட்டக்கா போய்ப் பார்த்தாள். குழிந்த ஓர் அறைக்குள் தீக்குச்சியை விட்டு மெதுவாக இழுத்தாள். செத்த புழு பழுப்புப் பசையாகக் குச்சியோடு ஒட்டிக்கொண்டு இரண்டு விரல் நீளத்துக்கு நூலாக வந்தது. புழு அழுகல் நோய். கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதற்கு வைத்தியம் கிடையாது. குழி வெட்டி, பெட்டியோடு அடையோடு தேனீயோடு எரித்து மண்ணைப் போட்டு மூட வேண்டும்.

இரண்டு பெட்டிகளை எரித்தார்கள். அந்த வாரத்துக்குள் இன்னும் பத்து வீடுகளில் அதே நாற்றம். வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கையில் அச்சடித்த படிவம் வைத்திருந்தார். அதில் ஒரு கேள்வி: சர்க்கரைப்பாகு கொடுத்தீர்களா, ஆம், இல்லை. பதினொரு வீட்டிலும் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தார்கள்.

"யாருமே சர்க்கரை குடுக்கலையா?" என்றார் ஆய்வாளர்.

"எங்க சங்கத்துல அந்தப் பேச்சே கிடையாது சார்" என்றாள் சொட்டக்கா, கொஞ்சம் கர்வமாகவே.

"ஓ. நல்லதும்மா. அப்போ மழைக்கு என்ன..."

"அதை விடுங்க சார்! மூல காரணத்தை விட்டுட்டு என்னென்னமோ கேக்கறீங்களே. முதல்ல மாத்திரை வீட்டுக்குப் போங்க. பெட்டில நோய் இருந்தும் மருந்து போட்டு மூடி மறைச்சு வெச்சிருப்பாரு அவரு. அங்கிருந்துதான் கிளம்பியிருக்கு."

அவர் கேட்க வந்ததை முழுங்கிவிட்டுப் படிவத்தில் என்னவோ எழுதிக்கொண்டார். அவர் மாத்திரை வீட்டுக்குப் போகும்வரைக்கும் பொறுக்குமா இவளுக்கு? அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாத்திரை வீட்டு வாசலில் போய் நின்றாள். மருமகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அன்னைக்கு முப்பது பேர் தேனைக் கெடுத்தே. இன்னைக்கு என் தங்கச்சி பொழப்புல மண்ணைப் போட்டுட்டே. திருந்தவே மாட்டியா நீ?"

மாத்திரை வெளியே வந்தார். அறுபது வயசு, ஒல்லி, கையில் சாப்பிட்டுக் கழுவின ஈரம். "என் பெட்டி எதுலயும் நோய் இல்லம்மா. உள்ள வாங்க. நீங்களே திறந்து பாருங்க" என்றார்.

"உன் வாசப்படியை மிதிக்கவா நான் வந்தேன்?"

"பாக்காமலே சொன்னா எப்படிம்மா?"

பார்க்கவில்லை அவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பினாள். சங்கத்தில் அவரை நீக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்வாளர் கொள்முதல் அறைக்கு வந்தார். "அவர்கிட்ட இருபத்திரெண்டு பெட்டிம்மா. அத்தனையும் திறந்தேன். ஒரு அறைகூடக் கெடல" என்றார்.

"மருந்து போட்டிருப்பாரு சார். போட்டா வெளிய தெரியாது."

"தேன் கொண்டு வந்திருக்கேன். பாத்துடுங்களேன்."

பார்த்தாள். ஒரு ஸ்ட்ரிப், இரண்டு, மூன்று. மருந்தின் சுவடே இல்லை. நாலாவதைப் பிரிக்கப் போனவளைப் பார்த்து ஆய்வாளர் இருமினார். "சுத்தி இருக்கறவங்களுக்கெல்லாம் வந்திருக்கு. நடுவுல இவருக்கு மட்டும் வரல. அப்போ மத்தவங்க செஞ்சு இவர் செய்யாதது ஏதோ ஒண்ணு இருக்கணுமில்லம்மா?"

"இவர் செய்யாத அக்கிரமம் ஒண்ணுமில்ல சார்."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே டீ குடிக்க வெளியே போனார். சொட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும் என்று மேஜை டிராயரை இழுத்தாள். கைக்குக் கிடைத்தது கேன் கொடுத்த நோட்டு. திறந்தாள். முப்பத்தொரு பெயர். முப்பதுக்கு நேரே கையெழுத்து, ஒன்றுக்கு நேரே அவள் போட்ட கோடு.

பேனா கையிலேயே இருந்தது. ஆய்வாளர் மேஜையில் விட்டுப்போன படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினொரு வீடு. பதினொன்றும் கேன் வாங்கினவர்கள். இருக்காது என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். லாரிக்காரர், ஊர் ஊராக அலைந்த பெட்டிகள், எந்தச் சீக்குப் பெட்டியிலிருந்து பிழிந்த தேனோ. அவள் தண்ணீர் பார்த்தாள், மருந்து பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள். மனுஷன் வயிற்றுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க என்னென்ன உண்டோ அத்தனையும் பார்த்தாள். தேனீ வயிற்றுக்கு ஆகுமா என்று பார்க்க அந்த அறையில் எதுவும் இல்லை, அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. டீயோடு திரும்பி வந்த ஆய்வாளரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சார், இந்த நோய் தேன் வழியா வருமா? சூடு பண்ணின தேன்?"

"தேன் வழியாத்தான் அதிகம் வரும்மா. மனுஷங்க சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, புழுவுக்குத்தான் எமன். அதோட விதை கொதிச்சாலும் சாகாது, நாப்பது ஐம்பது வருஷம் கிடக்கும். அதனாலதான் வேற யார் தேனையும் பெட்டிக்கு ஊத்தக் கூடாதுன்னு..." என்று அவர் தன் நிதானத்தில் சொல்லிக்கொண்டே போனார். சொட்டக்கா நோட்டை அவர் கையில் வைத்து, "முப்பது வீட்டுக்கு நான் ஊத்தக் குடுத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்தாள்.

முதலில் தங்கச்சிக்குத்தான் அடித்தாள். இரண்டு பெட்டிதான் போனது, பதினாலு மிச்சம் இருக்கிறது. இளைத்த பெட்டிக்கு மட்டும் ஊற்று என்று சொன்னதால் அந்த இரண்டுக்கு மட்டும்தான் அவள் ஊற்றியிருந்தாள். கேனில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். அதை மட்டும் தொடாமல் இருந்தால் பதினாலும் பிழைக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, தங்கச்சி எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள், சாவி அவள் கையிலேயே இருந்தது.

ரயில் பாதைக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் தங்கச்சியின் பெட்டிகள். சொட்டக்கா போய்ச் சேர்ந்தபோது அவள் முகவலையைத் தலைக்கு மேல் தூக்கி விட்டுக்கொண்டு, குழாயடியில் குத்தவைத்து ஒரு கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போனை எடுத்தா என்னடி?"

"வீட்டுல இருக்குக்கா. ஏன் இப்படி மூச்சு வாங்குது? ரெண்டு போனதுலருந்து எனக்கு ஒரே பயம். மிச்சத்துக்காவது தெம்பு வரட்டும்னு காலையிலயே ஊத்திட்டேன். பதினாலுக்கும். கேன்ல ஒட்டியிருந்ததைக்கூடத் தண்ணி விட்டு அலசி ஊத்தினேன், ஒரு சொட்டு வீணாக்கல."

சொட்டக்கா ஓடிப்போய் முதல் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தேன் ஊற்றி வைத்திருந்த தட்டு நக்கித் துடைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. இரண்டாவது, மூன்றாவது. வலை இல்லாமல் திறந்ததில் கழுத்தில் இரண்டு, கன்னத்தில் ஒன்று கொட்டின. "அக்கா, என்ன பண்றே? அக்கா!" என்று தங்கச்சி பின்னாலேயே வந்தாள். ஆறாவது பெட்டியில் நிறுத்திவிட்டு, மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சொட்டக்கா விஷயத்தைச் சொன்னாள். பூசி மெழுகத் தெரியாது அவளுக்கு. அந்தத் தேன்தான், நான் குடுத்ததுதான் என்றாள்.

தங்கச்சி கழுவின கேனைப் பெட்டிகளுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள்.

அங்கேயே குழாயடியில் உட்கார்ந்து சொட்டக்கா மற்ற எல்லோருக்கும் போன் அடித்தாள். மூடியைத் திறக்காதீர்கள், திறந்திருந்தால் ஊற்றாதீர்கள். சொன்னால் கேட்டுக்கொண்டு போனை வைக்கிற ஜாதியா இவர்கள்?

"ஏங்க்கா? நல்ல தேன்தானே. எம்பொண்ணு ரொட்டில தொட்டு ரெண்டு கரண்டி சாப்பிட்டாளே?"

"பொண்ணு சாப்பிடலாம். தேனீ சாப்பிடக் கூடாது."

"அதெப்படிங்க்கா? எம்பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல, தேனெடுக்கற பூச்சிக்கே தேன் ஆகாதுன்னா..."

"ஐயோ, கேள்வி கேக்காதீங்க! மூடியை மூடுங்க முதல்ல. நான் பண்ணின தப்பு, போதுமா? மூடுங்க!"

எட்டுப் பேர் இன்னும் கேனைத் திறக்கவே இல்லை. அந்த எட்டு வீடு தப்பித்தது. மற்றவர்கள் கொஞ்சமோ நிறையவோ ஊற்றியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது, நீக்குவதற்கு இல்லை. முந்தின நாளே செயலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "லாரிக்காரர் மேல போட்டுடலாம்மா. அவர் என்ன இங்க வந்து கேக்கவா போறாரு? நீங்க பாட்டுக்கு எதையாவது உளறி வைக்காதீங்க" என்றார்.

"லாரிக்காரர் யாருக்கும் குடுக்கல. நான் வேண்டாம்னு சொன்ன தேனை விட்டுட்டுப் போனாரு. வீடு வீடாப் பிரிச்சுக் குடுத்தது யாரு?" என்று அவரிடமும் எகிறினாள்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். ஒருவர் கத்தினார், ஒருவர் தன் இத்தனை வருஷ உழைப்புக்கு இதுவா பலன் என்று அழுதார். பூச்சிமருந்து கேன்காரர் எழுந்து, "மூணு தடவை கழுவின கேனுக்கே எங்களை அந்தப் பேச்சுப் பேசினீங்களேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைசி வரிசையில் இருந்த மாத்திரையிடம் அவளே போனாள்.

"அண்ணே, தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவர் அவளைப் பார்க்காமல் மேல்துண்டை மடித்தார். "இங்க சொன்னா யாரும்மா கேப்பாங்க? அன்னைக்கு என் வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னீங்க. அதே இடத்துல, அதே சத்தத்துல இதையும் சொல்லுங்க. என் மருமக காதுல விழணும், பக்கத்து வீட்டுல விழணும்."

அவள் போனாள். அதே வாசலில் நின்று, ஜன்னல்கள் திறக்கும்வரை காத்திருந்து, சத்தமாகச் சொன்னாள். இத்தனை வருஷமாக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள், குரல் ஒரு நாளும் உடைந்ததில்லை. அன்றைக்குப் பாதியில் உடைந்தது. மாத்திரை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அவர் மேல் தப்பு சொல்ல அவளால் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் காலி மனைக்கு வந்து தங்கச்சியின் பதினாலு பெட்டிகளையும் பார்த்தார். ஒன்பதில் நூல் இழுத்தது. "மிச்சம் அஞ்சும் குடிச்சதுதானேம்மா. விட்டு வெச்சா அது மறுபடி ஊரைச் சுத்தும்" என்றார். அந்த மெதுவான பேச்சைக் கேட்கச் சொட்டக்காவுக்குத் தாங்கவில்லை. தங்கச்சி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் வெளியே போன தேனீயெல்லாம் கூடு திரும்பின பிறகு வாசல்களை அடைத்தார்கள். சொட்டக்காவின் புருஷன் வேனில் மண்வெட்டி கொண்டுவந்து குழி வெட்டினார். அடைத்த பெட்டிகளுக்குள் கொஞ்ச நேரம் சத்தம் இருந்தது, பெட்ரோல் ஊற்றினதும் அடங்கியது. பதினாலையும் அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் குழியில் வைத்தார்கள். மெழுகு எரிந்ததில் தெரு முழுக்க இனிப்பான வாசனை அடித்தது. பாதையில் போன ஒரு ஆள் நின்று, "என்னங்க, பலகாரம் ஏதாவது செய்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சொட்டக்கா காத்திருந்தாள். இத்தனை நாளாகத் தங்கச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. மறுபடி அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போய் வேலை கேட்டிருக்கிறாள் என்று அவள் பெண் மூலமாகத்தான் தெரிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், "திட்டிடுடி. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சுடு. இப்படி நிக்காத" என்றாள்.

தங்கச்சி குழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு பெட்டியின் மூடி வளைந்து உள்ளே விழுந்தது.

"மாத்திரை அண்ணனோட இருபத்திரெண்டு பெட்டியும் நல்லா இருக்காமே" என்றாள்.

"ஆமா."

"உனக்குப் புடிக்காதவர்னுதானே அவருக்குக் கேன் குடுக்கல?"

"ஆமாடி."

தங்கச்சி மண்வெட்டியை எடுத்தாள். முதல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"என் மேலயும் உனக்கு ஏதாவது கோவம் இருந்திருக்கக் கூடாதாக்கா?"